வடக்குச் சுவர் விழுந்த செவ்வாய்க்கிழமை

பனி வெளியே பெய்வது இயற்கை. வீட்டுக்குள் பூப்பது கொடுமை. சைமா பெல்கோனெனின் வீட்டில், கீழ்த்தளத்து முன்னறையின் வடக்குச் சுவரில், நவம்பர் பாதியிலேயே வெண்பனி பூத்துவிட்டது. சுண்ணாம்புக் காரையில் ஓடிய விரிசல் ஒவ்வொன்றிலும் அது உப்புப் பரலாய் மின்னியது. அந்த அறையில்தான் தன் கணவன் ரெய்னோவுக்குக் கட்டில் போடப்போவதாகச் சொல்லி, பராமரிப்பு இல்லத்தின் தலைமைச் செவிலியை அழைத்துவந்து காட்டிக்கொண்டிருந்தாள் அவள்.

செவிலி திருமதி டிரெவாரோ கையுறையைக் கழற்றினார். நகத்தால் சுவரைச் சுரண்டினார். நகக்கண்ணில் சேர்ந்த பனியைச் சைமாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“இங்கயா அவரைப் படுக்க வைக்கப் போறீங்க?”

“அவரால மாடி ஏற முடியாதே. கீழ இருக்கிறது இந்த ரூம் ஒண்ணுதான்.”

“பக்கவாதம் வந்ததுல இடது பக்கம் பூரா மரத்துப் போயிருக்கும்மா. குளிர்ல விரல் கறுத்தாக்கூட அவருக்குத் தெரியாது. நாமளா பாத்தாத்தான் உண்டு.” செவிலியின் குரலில் கடுமை இல்லை, அந்தக் கனிவுதான் சைமாவைச் சுட்டது. “டிசம்பர் பொறந்ததும் திரும்ப வரேன். அப்பவும் இந்த ரூம் இப்படியே இருந்தா, அவர் எங்ககிட்டயே இருக்கட்டும். நிரந்தரமா.”

நிரந்தரம்! ஒரு மனிதனை அவன் வீட்டிலிருந்து வெட்டியெடுக்க அந்த ஒரு சொல் போதும். இல்லத்துச் சன்னலோரம் சக்கர நாற்காலியில் அமர்ந்து, ஞாயிறுதோறும் ரெய்னோ கேட்பது ஒன்றே ஒன்று: “வீட்டுக்கு எப்பப் போறோம்?” இனி அவனுக்குச் சைமா பதில் சொல்ல வேண்டியதில்லை. சுவர் சொல்லும்.

அந்தச் சுவருக்கோ அக்குடும்பத்தில் தனி மரியாதை. சுரங்கக் கம்பெனி கட்டிக் கொடுத்த வெற்று வீட்டுக்கு, ரெய்னோவின் தந்தை தம் கையால் சுண்ணாம்பு குழைத்து, குதிரைமயிர் கலந்து, ரீப்பர் கட்டைகளின் மேல் பூசி எழுப்பிய சுவர் அது. கம்பெனி போய்விட்டது. சுரங்கம் மூடி, பேரேரிக் கரையில் இருக்கும் கலுமெட் நகரத்தின் பாதிக் கதவுகளில் பூட்டுத் தொங்குகிறது. சுவர் மட்டும் நிற்கிறது. நிற்கும் பெருமைக்காக அதை வணங்கினார்கள்; அது காக்கத் தவறியதை ஒருவரும் கேட்கவில்லை. நிலவறையில் உலை இரவும் பகலும் உறுமியது. உறுமிப் பெற்ற வெப்பமெல்லாம் சுவர் வழியே ஊருக்குத் தானமாய்ப் போயிற்று. சுவருக்கு மரியாதை, சுவருக்குள் வாழ்பவனுக்குக் குளிர். என்ன நீதி இது?

சைமா நீதியைத் தானே வழங்க முடிவெடுத்தாள். பள்ளிச் சமையலறையில் உழைத்துச் சேர்த்ததைக் கொண்டு கண்ணாடிப் பஞ்சுச் சுருள்களும், ஜிப்சம் பலகைகளும், அகன்ற பிளாஸ்டிக் தாளும் வாங்கிக் கொட்டகையில் அடுக்கினாள். செய்தி காற்றில் போயிற்று. மறுநாளே வந்து நின்றார் ரெய்னோவின் அண்ணன் உர்ஹோ.

“அப்பா பூசின சுவரு. அத இடிக்கப் போறியாமே?”

“ஆமா.”

“எழுபது வருஷமா நிக்குது!”

“நிக்குது, யார் இல்லேன்னா? குளிர உள்ள விட்டுக்கிட்டு நிக்குது.”

“இன்னொரு போர்வை போத்தி விடு.”

“நாலு போத்தியும் நான் நடுங்கறேன் உர்ஹோ. அஞ்சாவதா உங்களத்தான் போத்தணும்.”

உர்ஹோவின் காது சிவந்தது. கொட்டகைப் பக்கம் கையை வீசினார். “அட்டையில சுவராம்! செருப்புப் பெட்டிக்குள்ளயா என் தம்பியப் படுக்க வைக்கப் போற? அவன் அங்கயே இருக்கட்டும். வெந்நீர் இருக்கு, வேளாவேளைக்குச் சாப்பாடு இருக்கு.”

“பொண்டாட்டி இருக்காளா அங்க?”

விடை இல்லாதவர் சாபம் இடுவது வழக்கம். “உடைச்சுக்கோ. எவன் உனக்குக் கை கொடுக்க வரான்னு நானும் பாக்கறேன்” என்று சொல்லி, பனியை உதைத்துக்கொண்டு போனார்.

எவரும் வரவில்லை. எதிர்வீட்டு ஹில்யா, சமையலறைத் திரையை விலக்கிப் பார்ப்பதும் விடுவதுமாக இருந்தாள். பக்கத்து வீட்டு யோசிப், ஒரு காலத்தில் சுரங்கத்தில் மின்கம்பி வேலை பார்த்த குரோவேஷியர், வேலியருகே வந்து வானிலை பேசிவிட்டுப் போனார். தெருவின் ஆண்கள், சுரங்கம் மூடியதிலிருந்து மடித்த கையை விரிக்க வழியின்றிக் கிடந்தவர்கள், அவள் வாசலைக் கடக்கும்போது மட்டும் நடையைச் சற்றே தளர்த்தினார்கள். அவ்வளவுதான்.

‘உர்ஹோ பக்கம் சாய்ந்துவிட்டார்கள்’ என்று முடிவுகட்டினாள் சைமா. முடிவு தவறு. ஆனால் அந்தத் தவற்றைச் செய்ய கடல் தாண்டிக் குடியேறிய, வாய் திறவாத அவர்கள் இனத்தாரால்தான் முடியும். உதவி என்று வாய் திறந்து கேட்பது இழிவு என்று வளர்ந்தவள் அவள். கேளாத வீட்டுக்குள் உதவி என்று நுழைவது அவமதிப்பு என்று வளர்ந்தவர்கள் அவர்கள். கேட்டால் வர ஒரு தெருவே காத்திருந்தது. வந்தால் ஏற்க ஒருத்தி காத்திருந்தாள். இருதரப்பும் மானத்தோடு காத்திருக்க, நடுவே சுவர் சுகமாய் நின்றது.

செவ்வாய்க்கிழமை காலை, பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, கதவு நிலையில் ஈரப் போர்வையைத் தொங்கவிட்டு, மூக்கையும் வாயையும் துணியால் இறுகக் கட்டி, சைமா கடப்பாரையை எடுத்தாள்.

முதல் அடியில் சுவர் அசையவில்லை. அவள் தோள்தான் அதிர்ந்தது. இரண்டாவது அடியில் ஒரு சில்லு தெறித்தது. பத்தாவது அடியா இருபதாவது அடியா, அவள் எண்ணவில்லை, ஏதோ ஓர் அடியில் தட்டகலத்துக் காரை பெயர்ந்து காலடியில் விழுந்து நொறுங்கியது. புகையாய்க் கிளம்பிய தூசியில் அறையே மறைந்தது. காரைக்குப் பின்னால், விலா எலும்பு போல வரிசையாய் ரீப்பர் கட்டைகள். அவற்றின் இடுக்குகளில் பிதுங்கி இறுகிய சுண்ணாம்பு, ஒவ்வொரு கட்டையையும் கொக்கியாய்ப் பற்றியிருந்தது. நெம்பினாள், ஆணி கிறீச்சிட்டது. இழுத்தாள், ஆணியோடு கட்டை வந்தது. கட்டையோடு வந்தது காற்று. சாதாரணக் காற்றா? பேரேரியின் மேல் பிறந்து, பனிக்காட்டில் வளர்ந்து, சுவருக்குள் குடியிருந்த காற்று! அவள் முகத்தில் அறைந்தது.

“இவ்வளவு நாளா இங்கயா இருந்த நீ?” என்று அதைக் கேட்டாள் சைமா. அதன் பிறகு அவள் அடித்த அடிகளில் கோபம் கூடியிருந்தது.

ஆயினும் உச்சிப்பொழுதுக்குள் அவளால் திறக்க முடிந்தது இருகை அகலம்தான். சுவரோ அறை நீளம். விரல்கள் மடங்கவில்லை, மயிர்க்கால்தோறும் சுண்ணாம்பு. கண்ணாடியில் பார்த்தவளுக்குத் தன்னையே தெரியவில்லை. உடலெல்லாம் அரித்தது. குழாயில் வந்த வெந்நீர் சுண்ணாம்பைக் கரைக்காமல் குழப்பியது. வேறு வழி? வீட்டின் பின்புறம் இருந்த சவுனா என்னும் ஆவிக்குளியல் அறையில் அடுப்பை மூட்டினாள். வியர்த்துக் குளித்துத் தேய்த்துவிட்டு மீண்டும் கடப்பாரையைத் தொடுவது அவள் எண்ணம். பிர்ச் விறகு பற்றிக்கொண்டது. புகைபோக்கியிலிருந்து வெண்புகை நிமிர்ந்து எழுந்து, தெரு முழுக்கத் தெரியும்படி நின்றது.

சனிக்கிழமையென்றால் தெருவில் ஒருவரும் தலை நிமிர்ந்திருக்க மாட்டார்கள். சனிக்கிழமை எல்லா வீட்டிலும் சவுனா. ஆனால் அன்று செவ்வாய்! வாரத்தின் நடுவே பகல் வெளிச்சத்தில் ஒரு வீட்டில் சவுனா புகைகிறது என்றால், அந்தத் தெருவுக்கு அதன் பொருள் ஒன்றுதான்: தால்க்கோ. ஒரு வீட்டு வேலையை ஊரே கூடிச் செய்யும் நாள். கூலி கிடையாது, காபியும் சாப்பாடும், வேலை முடிந்ததும் வியர்த்துக் குளிக்கச் சூடான சவுனாவும் உண்டு. புகை என்பது அழைப்பு. அழைப்பைக் கண்ட பின் வீட்டில் இருப்பவன் மனிதனே இல்லை.

சைமா விறகறையிலிருந்து திரும்பியபோது முன்வாசலில் பேச்சுக் குரல். போர்வையை விலக்கிப் பார்த்தாள். இடுப்பில் சுத்தியல் செருகி, கையில் ஏலக்காய் ரொட்டியோடு ஹில்யா நின்றாள். அவளுக்குப் பின்னால் ஆறேழு ஆண்கள், தோளில் நெம்புகோலும் மண்வாரியும். வேலியைத் தாண்டி வந்துகொண்டிருந்தார் யோசிப்.

“ஏன்டி, தால்க்கோவுக்குக் கூப்பிட்டுட்டு வாசல்ல ஒரு காபிப் பாத்திரம்கூட வைக்கல?” என்றாள் ஹில்யா. பிறகுதான் அவளை முழுதாய்ப் பார்த்தாள். “அட கடவுளே! மாவு மூட்டையில விழுந்த பூனை மாதிரி இருக்கியே!”

சைமா மறுக்க வாய் திறந்தாள். நான் யாரையும் கூப்பிடவில்லை, தலை குளிக்கத்தான் அடுப்பு மூட்டினேன் — உண்மை அது. அந்த உண்மையைச் சொன்னால் மானம் பிழைக்கும். எதிரே நின்றவர்கள் தலையசைத்துக் கலைந்துபோவார்கள். ஒருவருக்கும் மனத்தாங்கல் இராது. சுவர் நிற்கும். ரெய்னோ சன்னலோரமே இருப்பான்.

“தால்க்கோதானே?” ஹில்யாவின் குரலில் இப்போது ஐயம் எட்டிப் பார்த்தது. பின்னால் நின்ற ஆண்களில் ஒருவர் நெம்புகோலை மெல்லத் தரையில் இறக்கினார்.

காரையை உடைத்ததைக் காட்டிலும் கடினமான ஒன்றை அப்போது உடைத்தாள் சைமா.

“ஆமா,” என்றாள். “தால்க்கோதான். எனக்கு ஆள் வேணும். என்னால தனியா முடியல.”

பிறந்ததிலிருந்து அவள் வாயில் வராத சொல். வந்ததும் வானம் இடிந்துவிடவில்லை. ஹில்யா ரொட்டியைச் சன்னல் விளிம்பில் வைத்தாள், முக்காட்டைப் பின்னால் முடிந்தாள். “இத முந்தின வாரமே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? திரைய விலக்கி விலக்கி என் கை வலிக்குது!”

யோசிப் தலையில் அடித்துக்கொண்டார். “உங்க ஆளுங்களுக்கு ஆண்டவன் வாய வெச்சது எதுக்கு? காபி குடிக்க மட்டுமா? எங்க ஆளுங்களா இருந்தா, ‘டேய், வாடா’ன்னு ஒரு சத்தம்! முடிஞ்சுது வேலை.”

“நீங்க சத்தம் போட்டா சுவரே பயந்து விழுந்துடும்,” என்றாள் ஹில்யா. “உள்ள போங்க.”

அதற்குப் பிறகு நடந்தது வேலையல்ல, படையெடுப்பு. வரிசையாய் நின்று வடக்குச் சுவரைத் தாக்கினார்கள். காரை கட்டிகட்டியாய்ச் சரிந்தது. ரீப்பர் கட்டைகள் முறிந்து குவிந்தன. வாளிகள் கைமாறிக் கைமாறி வெளியே பறந்தன. யோசிப் சுவருக்குள்ளிருந்து துணி சுற்றிய பழைய மின்கம்பி ஒன்றை இழுத்து, “இது கம்பியா, விளக்குத் திரியா? இத்தனை நாள் நீங்க உயிரோட இருந்ததே பெருசு!” என்று கத்திவிட்டு, விசையை அணைத்துப் புதுக்கம்பி இழுக்கத் தொடங்கினார். வேலையற்றுக் கிடந்த கைகளுக்கு வேலை கிடைத்தால் எவ்வளவு வேகம்! ஒருவர் பாடினார், மற்றவர் இருமினார், எல்லோரும் வெளுத்துப்போய் யார் யாரென்று தெரியவில்லை.

கதவருகே போர்வை விலகியது. சுண்ணாம்பு படியாமல் கறுப்பாய்த் தெரிந்தவர் ஒருவர்தான்: உர்ஹோ.

அவரும் புகையைப் பார்த்திருக்கிறார். சண்டை போட வந்தாரோ, பழக்கம் இழுத்து வந்ததோ, அவருக்கே தெரிந்திராது. பாதி உயிரோடு நின்ற தந்தையின் சுவரைப் பார்த்தார்.

“என்னைக் கேக்காம…” என்று தொடங்கினார்.

சைமா கடப்பாரையை எடுத்தாள். கடைசியாய்த் தொங்கிய கட்டைகளை நெம்பி இழுத்தாள். சட்டங்களுக்கு இடையிலான குழி அடிவரை திறந்தது. குழிக்குள் முழங்கால் உயரத்துக்கு மரத்தூள், ஈரம் குடித்துக் கறுத்து, கட்டிபட்டுக் கிடந்தது. அதற்கு மேலே கூரைவரை ஒன்றுமில்லை, வெறும் குளிர். ஆனால் பக்கப் பலகைகளில், ஆள் உயரத்துக்கும் மேலே, மரத்தூள் ஒருகாலத்தில் நிறைந்திருந்த கறை கோடாய்ப் படிந்திருந்தது.

“பாத்தீங்களா?” என்றாள் அவள். “உங்கப்பா இந்தச் சுவர நாம கும்பிடறதுக்காகவா கட்டினார்? குளிர விரட்டக் கட்டினார். அன்னைக்கு அவர் கையில கிடைச்சது மரத்தூள். மேல வரைக்கும் அள்ளித் திணிச்சிருக்கார். அது காலப்போக்குல அமுங்கிக் கீழ இறங்கிடுச்சு. நாம யாரும் திறந்து பாக்கல. இன்னைக்கு என் கையில கண்ணாடிப் பஞ்சு இருக்கு. அவர் தொடங்கினத நான் முடிக்கறேன். அவர் இருந்திருந்தா எந்தப் பக்கம் நின்னிருப்பார்? சுவர் பக்கமா, மகன் பக்கமா? சொல்லுங்க உர்ஹோ!”

உர்ஹோ குனிந்து மரத்தூளை ஒரு பிடி அள்ளினார். உள்ளங்கையில் தேய்த்தார். அது சேறாய் ஒட்டியது. அவர் கண்ணில் நீர் வந்ததா, தூசி விழுந்ததா என்று ஆராய அங்கு ஒருவருக்கும் மனமில்லை.

“வாளி எங்க?” என்றார் கடைசியில்.

ஹில்யா ஒரு வாளியை அவர் காலருகே தள்ளினாள். தந்தை திணித்த மரத்தூளை வேறு எவரையும் தொடவிடாமல், முழங்காலிட்டுத் தாமே அள்ளி முடித்தார் உர்ஹோ. பிறகு கோட்டைக் கழற்றிப் போட்டார். “செருப்புப் பெட்டி செருப்புப் பெட்டிதான். அதையாவது கோணலில்லாம வைங்க. மட்டக்கோல் யார்கிட்ட இருக்கு?”

சட்டங்களுக்கு இடையே கண்ணாடிப் பஞ்சை அமுக்காமல், பிய்க்காமல், தொட்டிலில் குழந்தையைக் கிடத்துவது போல நிறைத்தார்கள். நிலவறையிலிருந்து மேலேறிய குழிகளின் வாயைக் கட்டை வைத்து அடைத்தார்கள். பஞ்சின் மேல், அறையின் பக்கமாக, பிளாஸ்டிக் தாளை விரித்து ஹில்யா கொக்கி ஆணி அடித்துக்கொண்டே போனாள். தாள் நெஞ்சு நிமிர்த்துவது போல ஒருமுறை புடைத்து அடங்கியது. வெளிக்காற்று உள்ளே வரப் பார்த்துத் தோற்ற கடைசி முயற்சி அது. அதன் மேல் ஜிப்சம் பலகைகளை நால்வர் தூக்கிப் பிடிக்க, உர்ஹோ மட்டம் பார்த்து, “இன்னும் ஒரு மயிரிழை மேல… அந்தப் பக்கம்யா, என் பக்கம் இல்ல… ம், அடி!” என்று அதட்டினார். பொழுது சாய்வதற்குள் வடக்குச் சுவர் புதிதாய் எழுந்து நின்றது.

சவுனாவில் முதல் முறை பெண்களுக்கு. கொதிக்கும் கல்லில் நீரை வீசியதும் ஆவி சீறியது. முதுகிலிருந்து சுண்ணாம்பு வழிய, சைமா உண்மையைக் கக்கினாள்.

“ஹில்யா, நான் உங்கள யாரையும் கூப்பிடல. தலைக்குக் குளிக்கத்தான் அடுப்பு மூட்டினேன்.”

ஹில்யா வாயைத் திறந்தபடி பார்த்தாள். பிறகு அவள் சிரித்த சிரிப்பில், வெளியே முறைக்குக் காத்திருந்த ஆண்கள் என்னவோ ஏதோவென்று கதவைத் தட்டினார்கள். “ஒண்ணுமில்ல போங்க! இவ தலை குளிச்சதுக்கு நீங்க சுவர் கட்டியிருக்கீங்க!”

பலகைகளின் இணைப்பில் காகித நாடா ஒட்டி, பட்டி பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து முடிக்கும் வரை உர்ஹோ தினமும் வந்தார். வந்த ஒவ்வொரு நாளும் ஜிப்சம் பலகையை ஏசினார். ஏசிக்கொண்டே, விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, ஒரு மேடு பள்ளம் விடாமல் தேய்த்தார். வெண்ணெய் நிறத்தில் வண்ணம் பூசியதும் சைமாதான் கட்டிலை இழுத்துப் போட்டாள். தலைமாடு வடக்குச் சுவரை ஒட்டி. வேண்டுமென்றே ஒட்டி!

டிசம்பர் பிறந்தது. திருமதி டிரெவாரோ வந்த அன்று வெளியே எச்சில் துப்பினால் தரையைத் தொடுமுன் உறையும் குளிர். செவிலி சுவரில் உள்ளங்கையை வைத்தார். எடுத்தார். வேறோரிடத்தில் வைத்தார். மூலையில் குனிந்து தொட்டார். நகத்தால் சுரண்ட ஒன்றுமில்லை. நாற்காலியில் அமர்ந்து, மருந்து எப்போது, மூச்சுப் பயிற்சி எப்போது, எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று விளக்கத் தொடங்கினார். பேச்சின் நடுவே கழுத்துத் துண்டை அவிழ்த்தார். மேலும் சற்றுப் பேசினார். பிறகு, தாம் செய்வது என்னவென்று கவனிக்காமலே, கோட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டார்.

சைமா அந்தக் கோட்டையே பார்த்தாள். தீர்ப்பு வந்துவிட்டது.

“வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வரேன்,” என்றார் செவிலி. “காபி கிடைக்குமா?”

ரெய்னோவைச் சக்கர நாற்காலியோடு தூக்கி வாசற்படி ஏற்றியவர்கள், சுவரை எழுப்பிய அதே கைகள். அறையைக் கண்டதும் அவன் உதடு கோணச் சிரித்தான். இடது கையைச் சைமா தன் கையில் ஏந்திக்கொண்டாள். வலது கையை அவனே நீட்டிச் சுவரை நீளமாய்த் தடவினான். உர்ஹோ வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். “இன்னும் நல்லாப் பூசியிருக்கலாம்,” என்று முணுமுணுத்தார்.

ஜனவரியில் அந்தப் புயல் வந்தது. ஏரியின் மேலிருந்து காற்று கூரைகளைப் பிய்க்கப் பார்த்தது, பனி சன்னல் விளிம்பைத் தாண்டிக் குவிந்தது, பள்ளிகள் மூடின, பாதைகள் மறைந்தன. காலையில் காபியோடு அறைக்குள் நுழைந்த சைமா திடுக்கிட்டாள். ரெய்னோ ஒற்றைக் கையால் போர்வையைத் தள்ளுவதும் இழுப்பதுமாய்ப் போராடிக்கொண்டிருந்தான். நெற்றியில் முத்து முத்தாய் ஏதோ மின்னியது.

“என்னாச்சு? என்ன பண்ணுது?”

“புழுங்குது!” என்றான் எரிச்சலோடு. “என்ன வீடு இது, பேக்கரி மாதிரி! அந்தச் சன்னலக் கொஞ்சம் திறந்து விடேன்.”

சைமா காபியைக் கீழே வைத்தாள். சன்னலைத் திறந்தாள். விரலகலம்தான் திறக்க எண்ணினாள், முழுதாகவே திறந்தாள். புயல் உள்ளே தலையை நீட்டியது. அதைத் தள்ளிக்கொண்டு தன் தலையை வெளியே நீட்டினாள் அவள். பனியை வாரிக்கொண்டிருந்த ஹில்யாவை நோக்கி, யோசிப் வீட்டுக்கும் கேட்கட்டும், உர்ஹோ வீடு வரைக்கும் கேட்கட்டும் என்று அடிவயிற்றிலிருந்து கூவினாள்:

“ஹில்யா! புழுங்குதாம்டி! அவருக்குப் புழுங்குதாம்!”